“டாக்டரிடம் சொல்ல வேண்டாம்” என்று சொல்லி விற்ற வாய்ப்புண் மருந்து: சேலத்தில் எங்களுக்கு நேர்ந்தது

என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர். புகையிலை அடக்கும் பழக்கம் உண்டு. இடது கன்னத்தின் உட்புறத்தில் ஆறாமல் இருந்த புண், சென்ற ஆண்டு புற்றுநோய் என்று உறுதியானது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஒரு நாளைக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 33 நாட்கள் கதிர்வீச்சும், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் தர வேண்டும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். நம் ஊரில் எல்லோரும் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வது இந்தச் சிகிச்சையைத்தான். அந்த நாட்களில், வாய்ப்புண்ணுக்கு இயற்கை மருந்து என்று சொல்லி ஏற்காட்டில் ஒருவர் எங்களுக்கு விற்ற பொருட்களாலும், அவற்றோடு சேர்த்து அவர் போட்ட நிபந்தனைகளை நான் அப்படியே நம்பியதாலும் அப்பா பட்ட துன்பத்தை, இப்போது அதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

வாய்ப்புண் வரும் என்று மருத்துவமனையில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். வாயின் உட்தோல் ஓரிரு வாரங்களில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கும். கதிர்வீச்சு அந்தப் புதுச் செல்கள் உருவாவதைத் தடுத்துவிடுவதால், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வாய் சிவந்து எரியத் தொடங்கி, பிறகு புண்ணாகி, ஐந்தாறு வாரங்களில் உச்சத்தை அடைந்து, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் மெல்ல ஆறும் என்று பொறுமையாக விளக்கினார்கள். கேட்டது வேறு, கண்ணால் பார்த்தது வேறு. பன்னிரண்டாவது நாளில் ரசம் சாதம் எரிகிறது என்றார் அப்பா. பதினைந்தாவது நாளில் இட்லியையும் ஒதுக்கிவிட்டார். ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்துப் பாலில் கரைத்துக் கொடுத்தால் அது மட்டும் இறங்கியது. ஒவ்வொரு கரண்டிக்கும் முன்பு மேசையின் விளிம்பை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, விழுங்கிய பிறகே கையைத் தளர்த்துவார். கொலுசு மணிகளைப் பற்றவைக்கும்போதுகூட நடுங்காத கை அது.

மருத்துவமனைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் நான் அழுதுகொண்டிருந்தபோது ஒருவர் வந்து பேசினார். தன் அண்ணனுக்கும் இதே நோய் என்றும், ஏற்காட்டில் ஒரு வைத்தியர் கொடுத்த மூலிகையால் ஒரு வாரத்தில் பிரியாணியே சாப்பிட்டார் என்றும் சொன்னார். அவர் அந்த வைத்தியருக்கு ஆள் பிடித்துத் தருபவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கதிர்வீச்சு இல்லாத நாள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏரியைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டுக்கு நானும் தம்பியும் போனோம்.

ஒரு மண்டலத்துக்கு 11,500 ரூபாய். அப்பாவின் சிகிச்சை முழுவதும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்ததால், நாங்கள் கையிலிருந்து கொடுத்த பெரிய தொகை இது ஒன்றுதான். கொடுத்தவை மூன்று பொருட்கள்: ஒரு புட்டி மலைத்தேன், வாயில் பூச ஒரு பழுப்பு நிறக் குழம்பு, வெந்நீரில் கரைத்துக் கொப்பளித்து விழுங்க ஒரு பொடி. எதிலும் சீட்டு ஒட்டவில்லை. என்ன சேர்ந்திருக்கிறது, எப்போது செய்தது, யார் செய்தது என்று ஓர் எழுத்துகூட இல்லை. சித்த மருந்தை விற்பனைக்குத் தயாரிப்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும், உரிம எண்ணும் சேர்மானங்களும் தயாரித்த தேதியும் புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

நிபந்தனைகள்தான் உண்மையான கேடு. மருத்துவமனையில் கொடுத்த வாய் கொப்பளிக்கும் மருந்தையும் உப்பு-சோடா நீரையும் நிறுத்திவிட வேண்டும். குழம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை, அதில் ஒரு வேளை கரண்ட் வைக்கப் போவதற்குச் சற்று முன்பு பூச வேண்டும். பால், தயிர், முட்டை கூடாது. டாக்டரிடம் சொல்லக் கூடாது. “சொன்னா அவங்க நிறுத்தச் சொல்லுவாங்க கண்ணு, அவங்களுக்கு மூலிகை தெரியாது” என்றார். இவ்வளவு கனிவாகப் பேசுகிறவர் பொய் சொல்வார் என்று நினைக்கத் தோன்றவில்லை.

முதல் இரவே அப்பா துடித்துப்போனார். பேச முடியாததால், வெள்ளி எடை எழுதும் பழைய நோட்டின் பின்பக்கத்தில் ‘எரியுது’ என்று எழுதிக் காட்டினார். நான் வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டேன். “கரண்ட் சூடு வெளியேறுது, விடாம பூசுங்க” என்று பதில் வந்தது. விடாமல் பூசினேன். அதை நினைக்கும்போது இன்றும் என் கை கூசுகிறது. ஐந்தாம் நாள் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் படிந்ததுபோல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. “விஷம் மேல வருது” என்றார் வைத்தியர். ஏழாம் நாள் காய்ச்சல் கண்டு, தண்ணீர்கூட இறங்காத நிலையில் மருத்துவமனையில் சேர்த்தோம்.

அந்த வெள்ளைத் திட்டு பூஞ்சைத் தொற்று. உமிழ்நீர் வற்றிய வாயில், சுத்தம் செய்வதையும் நிறுத்திவிட்டால் பூஞ்சை எளிதில் பரவிவிடும் என்றார் மருத்துவர். குழம்பின் மூடியைத் திறந்து முகர்ந்ததுமே, இலவங்க எண்ணெயும் கற்பூரமும் என்று சொல்லிவிட்டார். பல்வலிக்குப் பஞ்சில் ஒரு சொட்டு வைக்கிற இலவங்க எண்ணெய், தோல் உரிந்த வாயில் நேராகப் பட்டால் வெந்துபோகும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. சிஸ்பிளாட்டினே பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது. அதிமதுரத்தை நாள்தோறும் உட்கொண்டாலும் அது குறையும், இரத்த அழுத்தமும் ஏறும். கொப்பளித்து விழுங்கச் சொன்ன பொடியில் பாதிக்குமேல் அதிமதுரம் என்று அந்த வைத்தியரே பின்னாளில் பெருமையாகச் சொன்னார். மீதி படிகாரமும் மாசிக்காயும். இரண்டும் துவர்ப்பு, வறண்ட வாயை மேலும் வறட்டுபவை.

மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். பாலும் முட்டையும் நிறுத்திய அந்த ஒரு வாரத்தில் அப்பாவின் எடை நாலரைக் கிலோ குறைந்திருந்தது. கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்க, அவர் முகத்தின் அளவுக்கே செய்த முகமூடி ஒன்றைப் பூட்டுவார்கள். கன்னம் ஒட்டிப்போனதால் அது தளர்ந்துவிட்டது, புதிதாக அளவெடுக்க வேண்டியதாயிற்று. மொத்தம் ஆறு நாள் சிகிச்சை தடைப்பட்டது. ஆறு நாள்தானே என்று நானும் நினைத்தேன். கதிர்வீச்சு தொடங்கி ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆனபின் எஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும் என்றும், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயில் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பைக் குறைக்கும் என்றும் மருத்துவர் சொன்னபோதுதான், வாய்ப்புண்ணை ஆற்றப் போய் எதைப் பணயம் வைத்தேன் என்று புரிந்தது. அவர் திட்டவில்லை. “எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா” என்றார், அவ்வளவுதான்.

இயற்கைப் பொருள் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எனக்கு மிகவும் வலித்தது, தேனைப் பற்றி மருத்துவமனையிலேயே கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும் என்பது. 2003-இல் மலேசியாவில் 40 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கதிர்வீச்சுக்குக் கால் மணி நேரம் முன்பும், கால் மணி நேரம் பின்பும், ஆறு மணி நேரம் கழித்தும் 20 மில்லி தேனை வாயில் சுழற்றி மெல்ல விழுங்கியவர்களுக்குக் கடுமையான வாய்ப்புண் குறைவாகவே வந்திருக்கிறது. அதன் பிறகு வேறு ஆய்வுகளும் வந்து, 2020-இல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதலிலேயே இவ்வகை நோயாளிகளுக்கு வாய்ப்புண் வராமல் தடுக்கத் தேன் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது சுத்தமான தேனாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அளவு பார்க்க வேண்டும். உமிழ்நீர் இல்லாத வாயில் இனிப்பு தங்கினால் பல் சொத்தையாகும், கதிர்வீச்சு பெற்ற தாடையில் பிறகு பல் பிடுங்குவது பெரிய ஆபத்து. ஆகவே தேனுக்குப் பின் வாயைக் கழுவுவது கட்டாயம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சாத மலைத்தேன் ஆகாது. இவ்வளவையும் பார்த்துச் சொல்லக்கூடியவர், அப்பாவின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்திருந்த மருத்துவர் ஒருவர்தான்.

பின்னர் மருத்துவமனையில் சொல்லி நாங்கள் செய்தவை மிக எளிமையானவை. ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை கொப்பளிக்க வைத்தோம். சாப்பாட்டுக்கு முன் எரிச்சல் குறைய பென்சிடமின் கரைசல் கொடுத்தார்கள். சாராயம் கலந்த, சுரீரென்று பிடிக்கும் கடைக் கொப்பளிப்பு நீர் எதுவும் வேண்டாம் என்றார்கள். மென்மையான குழந்தைப் பிரஷ். குழாய் எடுத்தபின், மிளகாய் இல்லாமல் தேங்காய்ப்பாலில் வேகவைத்து அரைத்த மணத்தக்காளிக் கீரை வேண்டுமா என்று நானே கேட்டேன். உணவாகத் தாராளமாகக் கொடுங்கள், மருந்துக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்காதீர்கள் என்றார்கள். அம்மாவுக்குச் சமையலறையில் ஏதாவது செய்ய இருந்ததே பெரிய ஆறுதல்.

அப்பா 33 நாட்களையும் முடித்துவிட்டார். புண் ஆறிவிட்டது, வாய் வறட்சி நிற்கவில்லை. இன்னமும் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது.

பணத்தைக் கேட்க நான் மறுபடி மலை ஏறினேன். “பத்தியத்த முறிச்சிருப்பீங்க” என்பதுதான் பதில். பத்தியம் முறியவில்லை என்று சொன்னதும், கரண்ட் அதிகமாக வைத்துவிட்டார்கள் என்றார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார். புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அவர் வீட்டுச் சுவரிலேயே அப்படி எழுதியிருந்ததைப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். மூன்று பொருட்களின் மீதியையும் மூடி போட்டு, தேதி எழுதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ரொக்கமாகக் கொடுத்ததால் எனக்குப் பணத்துக்கு ஆதாரம் இல்லை. அந்தத் தேநீர்க் கடையில் அறிமுகமாகி, மலை ஏறி, இதே மூன்று பொருட்களை வாங்கியவர்கள் இதைப் படித்தால், மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள், அவரோடு பேசிய அழைப்புப் பதிவுகளையும் செல்போனில் பணம் அனுப்பிய பதிவையும் அழிக்காதீர்கள். நீங்களும் ஒரு மனு கொடுங்கள். இப்போது பூசிக்கொண்டிருப்பவர்கள், அந்தப் புட்டியை நாளைக் காலை கரண்ட் வைக்கப் போகும்போது கையோடு எடுத்துப் போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.