ஹார்வர்டில் விசிட்டிங் ஃபெல்லோ: காசைப் போட்டுப் போகலாமா?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் விசிட்டிங் ஃபெல்லோவாக, அதாவது வருகைதரு ஆய்வாளராக, இருந்துவிட்டு வருவதற்கு மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஊரில் சம்பளத்தோடு விடுப்பு வாங்கிக்கொண்டோ, வேறு எங்காவது கிடைத்த நிதியோடோ போனால் ஐந்துக்கு நாலரை. கைக்காசைப் போட்டுப் போனால் ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் நூலகத்துக்காக. ஒரே இடத்துக்கு எப்படி இரண்டு மதிப்பெண் என்றால், மாத வாடகையைக் கணக்குப் போட்டுக்கொண்டே வாசிக்கிறவருக்கும் நிம்மதியாக வாசிக்கிறவருக்கும் அந்த ஊர் ஒன்றாக இருப்பதில்லை.

சர்வதேச விவகாரங்களில் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஹார்வர்டில் முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று வெதர்ஹெட் மையம், 1958-ல் ராபர்ட் போவியும் ஹென்றி கிஸ்ஸிங்கரும் தொடங்கியது. இன்னொன்று ஹார்வர்டின் அரசுக் கொள்கைப் பள்ளியான கென்னடி ஸ்கூலுக்குள் இருக்கும் பெல்ஃபர் மையம். அணு ஆயுதம், ராணுவ உத்தி, கூட்டணிகள் என்று வேலை செய்கிறவர்கள் இந்தப் பக்கம் போவார்கள், 'இன்டர்நேஷனல் செக்யூரிட்டி' என்ற காலாண்டிதழின் ஆசிரியர் குழு இங்கேதான் இருக்கிறது. எதற்கு விண்ணப்பிப்பது என்று குழம்ப வேண்டாம். உங்கள் தலைப்பில் யார் எங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், அந்த ஆள் இருக்கிற மையம்தான் உங்கள் மையம்.

வெதர்ஹெட் மையத்தின் ஃபெல்லோஷிப்புக்கு ஒரு சுவாரசியமான பழைய கதை உண்டு. பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸின் எதிரியாக இருந்து சிறையிலிருந்து வெளியே வந்த பெனிக்னோ அக்கினோ 1980-களின் தொடக்கத்தில் இங்கே ஃபெல்லோவாக இருந்தார், 1983 ஆகஸ்ட் 21-ல் மணிலாவுக்குத் திரும்பியவரை விமான நிலையத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அதே 1983-ல் தென் கொரியாவிலிருந்து நாட்டை விட்டு வெளியேறியிருந்த கிம் டே-ஜங் வந்து சேர்ந்தார், பின்னாளில் அவர் அதிபரும் ஆகி நோபல் அமைதிப் பரிசும் வாங்கினார். அவர்களுக்கு இது உயிர் பிழைத்து இருக்க ஒரு இடம், நமக்கு சி.வி.யில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக மட்டும் போகிறவர்களை நிறையப் பார்த்தேன், பாவம், போட்டோ எடுத்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் திரிகிறார்கள்.

சரி, பணம். 'ஃபெல்லோஷிப்' என்றதும் நம் ஊரில் உதவித்தொகை என்றே நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. முனைவர் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கும் முடித்துச் சில வருடங்கள் ஆனவர்களுக்கும் ஸ்டைபெண்டோடு, அதாவது செலவுக்கான உதவித்தொகையோடு, இடங்கள் உண்டு, உலகமே விண்ணப்பிக்கிற இடங்கள் அவை. மற்றபடி 'விசிட்டிங்' என்று வருகிற பலர் தங்கள் செலவுக்குத் தாங்களே வழி பார்த்துக்கொண்டு வருகிறவர்கள். கொரிய, ஜப்பானிய அதிகாரிகளை அவர்கள் அரசாங்கமே அனுப்பிவைக்கிறது. நம் கல்லூரி ஆசிரியர்களுக்கு நடைமுறையில் இருக்கிற நல்ல வழி, இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு நிதி. அதில் அரசாங்கப் பணம் இருப்பதால் முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வரும், அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

செலவு எங்கே போகிறது என்றால், எல்லாம் வாடகையில். ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜ் ஊரில் மாதம் 2,000 டாலருக்குக் கீழே ஒரு சுமாரான தனி வீடு தேடுவது வீண் வேலை. ஊர் முழுக்க வாடகை ஒப்பந்தம் செப்டம்பர் 1-ல் மாறுகிறது, ஆகஸ்டில் போய் இறங்கி வீடு தேடினால் தெருவெல்லாம் லாரியும் பழைய மெத்தையும்தான். எனக்கு வீடு காட்டிய தரகர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டார், அதற்கு அவர் செய்த வேலை கதவைத் திறந்து காட்டியது. விடுப்பில் போகும் பேராசிரியர்கள் தங்கள் வீட்டைச் சில மாதங்களுக்கு விடுவார்கள், பாத்திரம் பண்டம் எல்லாம் இருக்கும், அதைப் பிடியுங்கள். மளிகைக்குப் பக்கத்து ஊரான சோமர்வில்லில் மார்க்கெட் பாஸ்கெட் கடை, அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

விசா விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்று. இப்படிப் போகிற ஆய்வாளர்களுக்குத் தரும் ஜே-1 விசாவில் 'ரிசர்ச் ஸ்காலர்' என்று ஒரு பிரிவு, 'ஷார்ட் டெர்ம் ஸ்காலர்' என்று இன்னொரு பிரிவு. முதல் பிரிவில் போய் நாலு மாதத்தில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பினாலும், அடுத்த 24 மாதங்களுக்கு அதே பிரிவில் மறுபடி போக முடியாது. இரண்டாவதில் அதிகபட்சம் ஆறு மாதம்தான், ஆனால் இந்தத் தடை கிடையாது. ஒரே ஒரு செமஸ்டர்தான் போகிறீர்கள் என்றால், விசாவுக்குத் தேவையான டிஎஸ்-2019 படிவத்தைப் பல்கலைக்கழகம் தயார் செய்வதற்கு முன்பே எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள். படிவம் வந்த பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை. செவிஸ் என்ற அமெரிக்க அரசுப் பதிவேட்டுக்கான கட்டணம் 220 டாலர், விசா கட்டணம் 185 டாலர், காப்பீடு தனி. ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம், ஊரிலேயே மலிவாக எடுக்கிற பயணக் காப்பீடு எல்லாம் இதற்குப் பொருந்தாமல் போகலாம், வரிவரியாகப் படியுங்கள்.

அப்புறம் 2025-ல் நடந்த கூத்து. மே 22-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க ஹார்வர்டுக்கு இருந்த அனுமதியையே ரத்து செய்தது, மறுநாளே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஜூனில் ஹார்வர்டுக்கு வருகிறவர்களை நாட்டுக்குள் விடாமல் தடுக்கும் அதிபர் பிரகடனம், அதற்கும் நீதிமன்றத் தடை. அதே மாதம் ஜே விசா கேட்கிறவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை யாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. வெளியுறவுக் கொள்கை பற்றி எழுதுவதே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்கு இது என்ன மாதிரி சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை. திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை மட்டும் முன்கூட்டி எடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் நாலரை? வைட்னர் நூலகம். டைட்டானிக்கில் இறந்துபோன மகனின் நினைவாக ஒரு தாய் கட்டிக்கொடுத்த கட்டடம், 1915-ல் திறந்தது. அடையாள அட்டை இருந்தால் புத்தக அடுக்குகளுக்குள்ளேயே போகலாம், அதுதான் விஷயம். பட்டியலில் தேடிப்போன ஒரு புத்தகத்துக்குப் பக்கத்தில், நீங்கள் கேள்வியே பட்டிராத நாலு புத்தகம் இருக்கும், என் கட்டுரையின் உருப்படியான பகுதி அப்படிக் கிடைத்ததுதான். அங்கே இல்லாததை மற்ற பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து வரவழைத்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்க நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் கண்ணில் பட்டால் அதன் பின்னாலும் ஒரு வெளியுறவுக் கதை இருக்கலாம். பிஎல்-480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டப்படி இந்தியாவுக்குக் கோதுமை விற்று ரூபாயாகச் சேர்ந்த பணத்தில், 1962 முதல் நம் மொழிப் புத்தகங்களை வாங்கி அங்கே அனுப்பினார்கள். ரேஷன் கோதுமைக்குப் பதில் நாவலும் கவிதையும் கப்பலேறின, மோசமான பேரம் என்று சொல்ல மாட்டேன்.

ஆவணக் காப்பகத்துக்காக மட்டும் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அதற்கு ஃபெல்லோஷிப்பே தேவையில்லை. 1962 சீனப் போரின்போது இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த கால்பிரெய்த்தின் காகிதங்கள் பாஸ்டனில் கென்னடி நினைவு நூலகத்தில் இருக்கின்றன, ரெட் லைன் ரயிலில் போய்விடலாம், முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கினால் யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். கல்லூரியின் அறிமுகக் கடிதமெல்லாம் கேட்கவில்லை. அந்த நூலகமே ஆய்வாளர்களுக்குச் சிறு நிதியும் தருகிறது. அதற்கு இரண்டு மூன்று வாரம் போதும், ஒரு செமஸ்டர் வாடகை எதற்கு?

செமினார்கள் பிரமாதம். வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை எதுவும் கிடையாது, பேசுகிறவர் பேசி முடித்தபின் மீதி நேரம் முழுக்கக் கேள்விதான். யாராவது இரண்டு விரலைத் தூக்கினால், புதுக் கேள்வி இல்லை, இப்போது ஓடுகிற பேச்சிலேயே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பொருள், அவரை வரிசையைத் தாண்டி விடுவார்கள். நம் பள்ளிக்கூடத்தில் இரண்டு விரலுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் முதல் தடவை சிரிப்பை அடக்கிக்கொள்ளவும். பிரவுன், ஹார்வர்ட், எம்ஐடி மூன்றும் சேர்ந்து நடத்தும் தெற்காசிய அரசியல் செமினாரைத் தவறவிடாதீர்கள். எம்ஐடி இரண்டே ஸ்டேஷன் தள்ளித்தான் இருக்கிறது, அங்கே பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள் பேசும் கூட்டங்களுக்கும் போங்கள். பல கூட்டங்கள் வெளியாட்களுக்கும் திறந்தவை.

குறை என்றால், எந்தப் பல்கலைக்கழகமானாலும் விசிட்டிங் ஆட்களை யாரும் தேடி வந்து பேச மாட்டார்கள். பெரிய பெயர்கள் ஊரிலேயே பாதி நாள் இருப்பதில்லை. உங்கள் கட்டுரையை ஒருவர் வாசிக்க வேண்டுமென்றால் பத்துப் பக்கமாகச் சுருக்கி, நீங்களே மின்னஞ்சல் போட்டு, காபிக்குக் கூப்பிட வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் டிசம்பரில் நாலேகால் மணிக்கே இருட்டிவிடும் அந்த ஊரில் தனியாக உட்கார்ந்து யூடியூப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

துணையோடு போகிறவர்கள் கவனிக்க: ஜே-1 காரரின் துணைக்குத் தரும் ஜே-2 விசாவில் வருகிறவர் தனியாக வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த அட்டை கைக்கு வருவதற்குள் உங்கள் செமஸ்டர் முடிந்துவிட வாய்ப்பு அதிகம், அந்தச் சம்பளத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.