டெஸ்மோபிரசின் மாத்திரை: பாய் காயும், சொம்பைத் தள்ளி வைத்தால்

பெரியவர்கள் தூக்கத்தில் பாயை நனைப்பதற்குத் தரும் மருந்துகளில் சீக்கிரம் பலன் காட்டுவது டெஸ்மோபிரசின். உடம்பில் சுரக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோனின் செயற்கை வடிவம் இது. சிறுநீரகத்தைத் தண்ணீரை மறுபடி உறிஞ்ச வைப்பதால் இரவுச் சிறுநீர் குறைகிறது. நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். மருந்து இன்னும் தேவையா என்று அறியத்தான் 3 மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

வழக்கமாகப் படுக்கும்போது 0.2 மில்லிகிராம், போதாவிட்டால் மருத்துவர் 0.4 ஆக்குவார். நாக்கடியில் கரையும் வகையில் 120 மைக்ரோகிராமே அந்த 0.2க்குச் சமம், எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கடற்காற்றின் ஈரம் இந்த வகைக்கு ஆகாது. போடும் நேரத்தில்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும்.

சிக்கல் தண்ணீரில்தான். மாத்திரைக்கு 1 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை தொண்டை நனைக்கும் அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. குடித்தால் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து நீர்த்துப்போகும்: தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. வாலிநோக்கத்து உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டாலும் தீராது, மிஞ்சி நிற்பது தண்ணீர். இரவெல்லாம் கடலில் இருந்து பகலில் தூங்கும் பாம்பன் மீனவருக்கு இந்தக் கட்டுப்பாடு வெயில் நேரத்தில் விழும். கீழக்கரையில் ரமலான் மாதம் இன்னும் சங்கடம்: விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்துத் தண்ணீர் மாத்திரை வேலை செய்யும் நேரத்திலேயே வருகிறது. நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

தொடங்கும் முன்பும், முதல் வாரத்திலும், ஒரு மாதத்திலும் சோடியம் பரிசோதனை அவசியம். பிரஷருக்கு நீர் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, வலிக்கு ஐபுபுரூஃபன் எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது; 65 தாண்டியவர்களுக்கு இதை எளிதில் எழுத மாட்டார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயை இந்தக் கோளாறுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-லேயே சொல்லிவிட்டது.

மாற்றாக இமிப்ரமின் மலிவு, ஆனால் அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைக்கும்; பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது. ஆக்ஸிபியூட்டினின் அடங்காத சிறுநீர்ப்பைக்கு நல்லது. ஆனால் வாய் வறளும், வறண்டால் கை சொம்பைத் தேடும்!

இத்தனை நாள் இல்லாமல் பாய் நனைவது புதிதாகத் தொடங்கியிருந்தால் மாத்திரைக்கு முன் சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, குறட்டையோடு மூச்சு நிற்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் வீங்கி, பை காலியாகாமல் வழிவதும் உண்டு. சிறுநீர் கழித்த பிறகு எடுக்கும் ஸ்கேன் அதைக் காட்டிவிடும். அந்த அடைப்பை டெஸ்மோபிரசின் தொடவே தொடாது.