டிப்ஸ்டிக் இல்லாத கேம்ரி: கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டில் மாற்றலாமா?

2012–17 டொயோட்டா கேம்ரி, 2.5 லிட்டர் இன்ஜின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ஆயிலை நாமே மாற்றிவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார், அதற்காக இது.

வண்டியைக் குறை சொல்ல மனசு வராது. கியர் மாறுவதே தெரியாது, இன்ஜினும் சொன்னபடி கேட்கும். வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி, கிடையாது. இன்ஜின் ஆயிலை அரை நிமிஷத்தில் பார்த்துவிடுகிறோம். இங்கே ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வண்டியையே தூக்கி நிறுத்த வேண்டும்.

அமெரிக்கக் கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஆயில் மாற்றக் கெடுவே இல்லை. பாரம், இழுவை என்றால் மட்டும் 60,000 மைல். நெரிசலில் ஊர்ந்தே பிழைக்கும் வண்டியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதுதான் நியாயம், ஏனென்றால் ஆயிலைக் கெடுப்பது சூடு.

ஊற்ற வேண்டியது டொயோட்டா டபிள்யூஎஸ் (WS) என்ற கியர்பாக்ஸ் ஆயில். டொயோட்டாவின் பழைய டி-4 (T-IV) வேறு ஆயில், அதைத் தொட வேண்டாம். கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு சுமார் 6.5 லிட்டர். ஒரு தடவை இறக்கினால் வருவது ஏறக்குறைய இரண்டரை லிட்டர், மீதி டார்க் கன்வர்ட்டரிலும் (இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பாதைகளிலும் தங்கிவிடும். ஆக ஒரு தடவைக்கு நாற்பது சதவீதம்தான் புதுசு. இடையிடையே ஓட்டி மூன்று தடவை செய்தால் எண்பது சதவீதத்தை நெருங்கலாம்.

முதலில் திறக்க வேண்டியது ஊற்றும் ப்ளக், 24 மி.மீ. இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் கைக்கு எட்டும். அது இறுகிப்போய் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். பழைய ஆயிலை இறக்கிய பிறகு இது தெரியவந்தால் ஆயில் இல்லாத வண்டி நடு வாசலில் நிற்கும்.

அடியில் 6 மி.மீ. ஆலன் கீயில் ப்ளக்கைத் திறந்ததும் கொஞ்சம் வடிந்து நின்றுவிடும். இவ்வளவுதான் என்று பலர் ஏமாறுவது இங்கேதான். உள்ளே ஒரு குழல் நிற்கிறது, ஆயில் அளவை நிர்ணயிப்பது அதன் உயரம்தான். அதே கீயை அதன் வாயில் விட்டுத் திருகிக் கழற்றினால்தான் மீதி கொட்டும். திரும்ப மாட்டும்போது முட்டும் வரை போதும், வலுக்கட்டாயம் கூடாது. கீழ் ப்ளக்கை மூடிவிட்டு, வடிந்ததை ஆறவிட்டு அளந்து, அதே அளவு புதுசை நீளக் குழாய் மாட்டிய புனல் வழியாக ஊற்றுங்கள்.

இனிமேல்தான் எரிச்சலே. வண்டி துளி சாய்வில்லாமல் நாலு ஸ்டாண்டிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். லீவரை எல்லா நிலைக்கும் மெதுவாக ஒரு சுற்று கொண்டுபோய் 'பி'யில் விட்டு, ஆயில் சூடு 40–45 டிகிரி செல்சியஸுக்குள் வந்ததும் கீழ் ப்ளக்கைத் திறக்க வேண்டும். அதற்கு ஆயில் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் ஒன்று வேண்டும். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 4, 13 பின்களை ஒயரால் இணைத்து, டாஷ்போர்டின் 'டி' விளக்கை வைத்துச் சூட்டை அறியும் வழியும் உண்டு. ஆனால் அதே சாக்கெட்டில் 16-ஆம் பின்னில் நேரடி பேட்டரி மின்சாரம், கை தவறினால் ஃபியூஸ் போகும்.

ப்ளக்கைத் திறந்ததும் தாரையாக வந்து, நூலாக மெலிந்து, சொட்டாக மாறும். அந்த நேரத்தில் புது வாஷரோடு மூட வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் மேலே இன்னும் ஊற்றுங்கள். சூடு ஏறிய பிறகு திறந்தால் விரிந்த ஆயில் தேவைக்கு மேல் வழிந்து உள்ளே குறைந்துபோகும். 'டி' போட்டதும் வண்டி யோசிக்கும், வளைவில் கியர் வழுக்கும், அதாவது இன்ஜின் இரைந்தாலும் வண்டி இழுக்காது. ஆறியிருக்கும்போது பார்த்து மூடினால் அளவு மிஞ்சி ஆயில் நுரைக்கும், அதிலும் அழுத்தம் போய் வழுக்கும். இறுக்கம் கீழ் ப்ளக்குக்கு 40 நியூட்டன் மீட்டர், மேல் ப்ளக்குக்கு 49.

கியர்பாக்ஸின் அடித்தட்டை (பேன்) கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருக்கும், அது சகஜம். சில்லு சில்லாக உலோகம் கண்டாலோ, ஏற்கெனவே கியர் வழுக்கினாலோ புது ஆயில் காப்பாற்றாது.

வேலை கஷ்டமில்லை, கருவிக்கும் பெரிய செலவில்லை, பலனும் உண்டு. ஆனாலும் சாய்வில்லாமல் நிறுத்திச் சரியான சூட்டில் அளவு பார்ப்பதுதான் சிக்கல், அதனால் என் பதில்: வீட்டில் மாற்றாதீர்கள். நாலு தூண் லிஃப்டும் ஸ்கேனரும் இருக்கிற கராஜில் கொடுத்துவிட்டு, கடைசிச் சொட்டு வரை பக்கத்திலேயே நில்லுங்கள். மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் அடிக்கிறோம் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.