செகாம்புட் நாடகத் துப்பாக்கி வாடகை: 1941 சரி, 1948 பாதி, 1786 தப்பு

கோலாலம்பூரில் பழைய காலத்து நாடகம் எடுப்பவர்களுக்குச் சேலையும் சைக்கிளும் எளிதில் கிடைத்துவிடும். கழுத்தை அறுப்பது துப்பாக்கிதான். செகாம்புட் தொழிற்பேட்டையில் மாதிரித் துப்பாக்கிகளை வாடகைக்குக் கொடுக்கும் ஸ்டோர் ஒன்று இருக்கிறது. எதுவும் சுடாது, எதிலும் தோட்டா ஏறாது. ஓடவும் விழவும் ரப்பர் வார்ப்பு, கேமரா பக்கத்தில் வரும்போது மரமும் இரும்பும் சேர்ந்த கனமான மாதிரி. ரப்பருக்கு நாளுக்கு 40 ரிங்கிட், மரத்துக்கு 120. ‘ஜப்பான் காலம்’ (1941-45), ‘அவசரகாலம்’ (1948-60, மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த காலம்), ‘பினாங்கு’ (1786) என்று மூன்று தொகுப்பாகவும் தருகிறார்கள். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. பெட்டிமேல் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் நம்ப முடியாது.

முதலில் ஜப்பான் காலம். மூன்றில் இதுதான் உருப்படி. 1941 டிசம்பரில் மலாயாவில் நின்ற இந்தியச் சிப்பாயின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3. ஸ்டோர் கொடுப்பதும் அதையே. அடையாளம் சுலபம்: முன்மூக்கு மொட்டையாக இருக்கும், குழல் வெளியே நீளாது. குழல் இரண்டு அங்குலம் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது நம்பர் 4, பிந்தியது. குறிபார்க்கும் தகட்டையும் பாருங்கள். நம்பர் 1-ல் அது போல்ட்டுக்கு (தோட்டாவை ஏற்ற இழுத்துத் தள்ளும் பகுதி) முன்னால், குழலின் மேல் இருக்கும். நம்பர் 4-ல் கண்ணுக்குப் பக்கத்தில், ஓட்டை வைத்து வரும். முனையில் மாட்டும் பயோனெட்டும் காட்டிக்கொடுக்கும். நம்பர் 1-க்கு 17 அங்குல அலகுள்ள நீளக் கத்தி, நம்பர் 4-க்கு ஆணி மாதிரி 8 அங்குலக் குச்சி. ஸ்டோரில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. பொறுக்கி எடுப்பது உங்கள் வேலை.

மரக்கட்டையில் வார்னிஷ் பளபளக்கிறது, விளக்கு போட்டால் கண்ணாடி மாதிரி அடிக்கும். உண்மையான ரைபிள் கட்டையில் ஆளிவிதை எண்ணெய்தான் ஊறியிருக்கும். நைஸ் உப்புத்தாளால் மேலாகத் தேய்த்து, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு அடங்கிவிடும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மறுப்பதில்லை.

ஜப்பான் சிப்பாய்க்கு வரும் அரிசாகா டைப் 38-ன் நீளம் சரி, சுமார் 128 சென்டிமீட்டர். குட்டையான நடிகர் தோளில் மாட்டிச் சைக்கிள் மிதித்தால் பின்கட்டை சக்கரத்தில் இடிக்கும், ஒத்திகை பார்க்கவும். மேற்பகுதியில் காற்று போக இரண்டு துளை இருக்க வேண்டும், இருக்கிறது. டைப் 99 ஆக இருந்தால் ஒரே துளை. பிழை எங்கே என்றால், அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பதினாறு இதழ்ச் செவ்வந்திப்பூ முத்திரை இல்லை, வழவழவென்று இருக்கிறது. அது சக்கரவர்த்தியின் சின்னம். பெரும்பாலும் போரில் தோற்று ஆயுதத்தை ஒப்படைத்தபோதுதான் அதை அராவி எடுத்தார்கள். ஆகவே ஸ்டோரில் இருப்பது 1945-க்குப் பிந்திய ரைபிளின் நகல். 1942-ல் கோலாலம்பூருக்குள் நுழையும் சிப்பாயிடம் அது இருக்க முடியாது. அண்மைக் காட்சி இல்லையென்றால் கண்டுகொள்ள வேண்டாம். இருந்தால் முத்திரை பதித்த மெல்லிய தகட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

இந்தத் தொகுப்பில் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்றே: தாம்சன் சப்-மெஷின் கன். மலாயாப் படைகளிடம் தாம்சன் இருந்தது உண்மை. ஆனால் 1928 மாதிரிக்குப் போல்ட் கைப்பிடி மேலே இருக்கும். ஸ்டோர் கொடுப்பதில் வலப்பக்கம் இருக்கிறது. அது 1942-ல் வந்த எம்1 மாதிரி.

நேதாஜி படையைக் காட்டப் போகிறவர்களிடம் “ஜப்பான்காரன் கூட்டாளிதானே, அரிசாகா எடுத்துக்குங்க” என்று ஸ்டோரில் சொல்வார்கள். தலையாட்டிவிட வேண்டாம். இந்திய தேசிய ராணுவம் பெரும்பாலும் தூக்கியது சிங்கப்பூர் சரணடைந்தபோது கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் ஆயுதங்களைத்தான். 1943 ஜான்சி ராணிப் படை அணிவகுப்புக்கும் அந்த மொட்டை மூக்கு லீ-என்ஃபீல்டே பொருத்தம். தனி வாடகை மிச்சம்.

அவசரகாலத் தொகுப்புக்கு வருவோம். நம்மவர் நாடகங்களில் ரப்பர் தோட்டம் வந்தால் 1948 வராமல் இருக்காது, அதனால் அதிகம் வாடகைக்குப் போவதும் இதுதான். சரியானவை இரண்டு. ஒன்று, நம்பர் 5 ‘ஜங்கிள் கார்பைன்’: குட்டைக் குழல், முனையில் புனல் மாதிரி தீயடக்கி, பின்கட்டையில் ரப்பர். 1944-ல்தான் உற்பத்தி தொடங்கியது என்பதால் இதை ஜப்பான் காலக் காட்சிக்குக் கடன் வாங்கக் கூடாது. மற்றது ஸ்டென் சப்-மெஷின் கன்: பக்கவாட்டில் நீட்டும் நேர் மேகசின் (தோட்டாப் பெட்டி). நடிகர்கள் கைப்பிடி என்று நினைத்து அந்த மேகசினைப் பிடிக்கிறார்கள். உண்மையான ஸ்டென்னில் அப்படி அழுத்தினால் மேகசின் ஆடி, தோட்டா ஏறாமல் சிக்கிக்கொள்ளும். இடக்கை குழலைச் சுற்றிய உறையில் இருக்கட்டும்.

இனி தப்பானவை. வளைந்த மேகசினுள்ள ஸ்டெர்லிங்கையும் ‘ஸ்டென்’ என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் படை அதை ஏற்றது 1953-ல். சுங்கை சிப்புட்டில் துரைமார் கொல்லப்பட்ட 1948 ஜூன் காட்சியில் அது வந்தால் ஐந்து வருஷம் முந்திக்கொண்டு வருகிறது. ‘போராளி’ பெட்டியைத் திறந்தால் ஏகே-47! காட்டிலிருந்தவர்களின் ஆயுதங்கள் போர்க்காலத்தில் பிரிட்டிஷார் விமானத்திலிருந்து போட்டவை, 1942 தோல்வியில் சிதறியவை, ஜப்பானியரிடம் எடுத்தவை. ரஷ்யச் சரக்குக்கு அங்கே வேலையில்லை. எம்16-ம் அப்படித்தான். அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31, அந்த ரைபிள் நம் ராணுவத்துக்கு வந்தது அதற்கும் வெகு பின்னால். பெட்டியில் அதைப் பார்த்தால் அங்கேயே இறக்கி வையுங்கள். தோட்டத் துரை இடுப்புக்குக் கொடுக்கும் ரிவால்வரில் உருளை பக்கவாட்டில் திறக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி என்றால் நடுவில் மடிந்து திறக்கும். உறையிலேயே இருந்தால் யாருக்கும் தெரியாது, எடுத்துத் திறக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள்.

பினாங்குத் தொகுப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1786-ல் பிரான்சிஸ் லைட்டோடு கரையிறங்கிய கம்பெனிச் சிப்பாயிடம் இருந்திருக்கக்கூடியது சக்கிமுக்கித் துப்பாக்கி. சுத்தியலின் வாயில் கல் கவ்வியிருக்கும், எதிரே அது உரசும் இரும்புத் தகடு, கீழே மருந்துக் கிண்ணம். ஸ்டோரில் உள்ளவற்றில் கல்லும் இல்லை, கிண்ணமும் இல்லை. சிறு வெடிமூடி (கேப்) வைத்து அடிக்கும் துப்பாக்கிகள் அவை, அரை நூற்றாண்டு பிந்தியவை. கார்ன்வாலிஸ் கோட்டைச் சுவரோரம் தூரக் காட்சிக்கு மட்டும் சமாளிக்கலாம். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து, கிண்ணத்தில் கொஞ்சம் போட்டு மூடி, மீதியைக் குழலில் கொட்டிக் கம்பியால் இடிக்கும் காட்சியை இவற்றை வைத்து எடுக்கவே முடியாது.

எந்தத் தொகுப்பானாலும் தோட்டா எண்ணிக்கையை மறக்க வேண்டாம். லீ-என்ஃபீல்டு 10, அரிசாகா 5, ரிவால்வர் 6. இந்த ரைபிள்களில் ஒவ்வொரு சுடுதலுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். எடிட்டிங்கில் தீப்பொறி சேர்ப்பவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரே ரைபிளில் இருபது வெடி வெடிக்கும். லீ-என்ஃபீல்டு நிஜத்தில் 4 கிலோ, ரப்பர் வார்ப்பு அதில் பாதி கூட இல்லை. ரப்பரைக் கொடுத்தால் அணிவகுப்பில் முருங்கைக்காய் மாதிரி ஆட்டுவார்கள். முன்வரிசைக்கு மரம், பின்வரிசைக்கு ரப்பர் என்று பிரித்தால் செலவும் அடங்கும்.

அனுமதி விஷயத்தில் இவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் நாட்டின் 1960 ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைப்பதில்லை. அதனால் போலீஸ் அனுமதிக் கடிதமும், படப்பிடிப்பு இடமும் நாளும் எழுதிய தாளும் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். ஸ்டோர் ஆள் ஒருவர் கூடவே வந்து காலையிலும் மாலையிலும் எண்ணிப் பூட்டுகிறார், அவருக்குச் சாப்பாடு நம் கணக்கு. பொருளை மாற்றிக்கொள்ள முதல் நாள் மாலை ஐந்து மணிவரைதான் நேரம். மதியமே போய், மூக்கையும் மேகசினையும் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள்.