எடின்பரோவில் ஆகஸ்ட் மாத டிக்கெட் கவுன்டர் வேலை: கையில் வந்தது 171 பவுண்டு

பிரிட்டனில் படிக்கிறவர்களின் வாட்ஸப் குழுக்களில் மே, ஜூன் வந்தால் ஒரு விளம்பரம் சுற்றும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆகஸ்ட் மாதம் நடக்கிற ஃபிரிஞ்ச் என்ற நாடக, நகைச்சுவை விழாவில் டிக்கெட் கவுன்டர் வேலை, நான்கு வாரம், தங்க இடம் அவர்களே தருவார்கள், நாடகமெல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். 2024இல் நானும் அதைப் பார்த்துத்தான் போனேன். நான்கு வாரம் உழைத்து என் வங்கிக் கணக்கில் விழுந்தது 171 பவுண்டு 20 பென்ஸ். தட்டச்சுப் பிழை இல்லை, மாதத்துக்கே அவ்வளவுதான்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதே ஒப்பந்தத் தாளை வேறு பெயரில் நீட்டுகிற இன்னொரு இடத்தில் போய்க் கையெழுத்துப் போடுவீர்கள். தாளில் என்ன இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் கிளாஸ்கோவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வகுப்புகள் முடிந்துவிட்டன, ஆய்வேடு மட்டும் பாக்கி. எடின்பரோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம்தான், ஆனால் நள்ளிரவுக்கு மேல் வேலை முடிந்தால் திரும்பி வர ரயில் கிடையாது, அதனால் தங்குமிடம் என்ற வார்த்தையே பெரிய விஷயமாகப் பட்டது. ஆகஸ்டில் அந்த ஊரில் தனியாக ஒரு அறை தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்ற மாதத்து வாடகையை வைத்துக் கணக்குப் போடவே முடியாது. தங்குமிடம் தருகிறார்கள் என்றால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? இலவசம் என்று. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவர்கள் இலவசம் என்று எங்கேயும் எழுதவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எடின்பரோ விழா என்று ஒரே ஒரு முதலாளி கிடையாது. 1947இல் அங்கே சர்வதேச விழா தொடங்கியபோது அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து ஓரமாக நாடகம் போட்டன, அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபிரிஞ்ச். யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சி நடத்தலாம், தேர்வுக் குழு எதுவும் இல்லை, அதுதான் அதன் பெருமை. இப்போது 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஃபிரிஞ்ச் சொசைட்டி என்ற அமைப்பு நிகழ்ச்சி அட்டவணையைப் போடுகிறது, ராயல் மைல் தெருவில் சொந்தமாக ஒரு டிக்கெட் கவுன்டரும் வைத்திருக்கிறது. ஆனால் அரங்குகளை நடத்துவது தனித்தனிக் கம்பெனிகள், ஒவ்வொன்றும் தன் ஆட்களைத் தானே எடுக்கிறது, தானே சம்பளம் போடுகிறது. எடின்பரோ விழாவில் வேலை கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன் பாருங்கள், அதுவே தப்பு. எனக்கு வேலை கொடுத்தது, ஆகஸ்டில் சில கட்டடங்களை வாடகைக்கு எடுத்து நடத்துகிற ஒரு சின்னக் கம்பெனி.

ஒப்பந்தத்தை ரயிலில் ஃபோனில் படித்தேன். படித்தேன் என்று சொல்வதைவிடத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன் என்பதுதான் சரி. மணிக்கு 11.44 பவுண்டு, அது 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அந்த வருஷத்துச் சட்டபூர்வமான குறைந்தபட்ச ஊதியம். வாரத்துக்கு 20 மணி நேரம். அறை வாடகை வாரத்துக்கு 165 பவுண்டு, சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். கல்லாவில் பணம் குறைந்தால் பொறுப்பானவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள சம்மதிக்கிறேன். இரண்டு நாள் பயிற்சி, அதற்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். மழையில் நனைந்து சொட்டச் சொட்ட ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற கூட்டம், ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கிற பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஒரு கூட்டத்தை வெளியே விட்டு இன்னொன்றை உள்ளே அனுப்ப வேண்டும், அதற்குள் முன்பதிவு செய்தவர் ஃபோனில் சார்ஜ் இல்லை என்பார், இன்னொருவர் சலுகை டிக்கெட்டுக்கு மாணவர் அட்டையைத் துழாவுவார், நகைச்சுவைக் கலைஞர் ஒருவரின் அம்மா வந்து என் மகன்தான் நடத்துகிறான், எனக்கு எதற்கு டிக்கெட் என்பார். நள்ளிரவு 12.30 நிகழ்ச்சி இருக்கிறதே, அது ஒரு தனி வதை. சனிக்கிழமை ராத்திரி 12.30 என்று நினைத்து வருகிறவர் கையில் வெள்ளிக்கிழமை ராத்திரி டிக்கெட் இருக்கும், 12 மணி தாண்டினால் தேதி சனிக்கிழமை ஆகிவிடும் இல்லையா. நிகழ்ச்சி நேற்றே முடிந்துவிட்டது என்று சொன்னால் சண்டைக்கு வருவார். தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடக் கூடாது, சின்ன அரங்கு, கதவு மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கும். இந்தக் கோபம் எல்லாம் வந்து விழுவது எங்கள் ஜன்னலில்தான்.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். இதைத்தான் மெதுவாகப் படிக்கச் சொல்கிறேன்.

இளநிலை படிக்கிறவர்களுக்குக் கோடையில் விடுமுறை உண்டு, அப்போது முழுநேரம் வேலை செய்யலாம். என்னை மாதிரி ஒரு வருஷ முதுகலைக்காரர்களுக்கு ஆய்வேடு எழுதுகிற கோடையும் பொதுவாகப் படிப்புக் காலமாகத்தான் கணக்கு, ஆகவே மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். ஒரு வாரம் 15, அடுத்த வாரம் 25 என்று சராசரி போட முடியாது. சம்பளம் இல்லாமல் செய்கிற வேலையும் அந்த 20க்குள் அடங்கும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போனேன், மேலாளரிடமும் சொன்னேன். அவர் ரொம்ப அக்கறையாக, சரியாக 20 மணி நேரத்துக்கு மேல் உனக்குப் போடவே மாட்டோம் என்றார். போடவும் இல்லை. அட்டவணையில் தினம் 4 மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள்.

ஆனால் அரை மணி நேரம் முன்னாலேயே வர வேண்டும். சில்லறையை எண்ணி வாங்க, மெஷினை ஓட்டிவிட, அன்றைக்கு எது ரத்து எது நேரம் மாற்றம் என்று கேட்டுக்கொள்ள. வேலை முடிந்த பிறகு கல்லாவை எண்ணி, கார்டு ரசீதோடு ஒப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப முக்கால் மணி நேரம். இந்த ஒன்றேகால் மணி நேரம் அட்டவணையில் கிடையாது, சம்பளத்திலும் கிடையாது. ஐந்து நாளுக்கு ஆறேகால் மணி நேரம். நான்கு வாரத்துக்கு 25 மணி நேரம், அதாவது 286 பவுண்டு.

இரண்டாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. இந்த நேரத்துக்குச் சம்பளம் கேட்டால், வாரத்துக்கு 26 மணி நேரம் வேலை செய்தேன், விசா விதியை மீறினேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கேட்காவிட்டால் காசு போச்சு. அவர்கள் யோசித்துத்தான் இப்படி வைத்தார்களா, இல்லை எப்போதும் இப்படித்தான் நடக்கிறதா, எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் மாட்டிக்கொண்டது நான். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அறை அவர்களுடையது, வேலையை விட்டால் அன்றிரவே தெருவில் நிற்க வேண்டுமே என்று பயந்தேன்.

அந்த அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எடின்பரோவிலேயே லீத் என்ற பகுதியில் ஒரு அடுக்குமாடி வீடு, வரவேற்பறையிலும் அடுக்குக் கட்டில், ஒரே குளியலறை, ஏழு பேர். சண்டை எல்லாம் பாத்திரத்துக்குத்தான். அங்கே கூட இருந்த ஒரு மாணவருக்குத் துண்டுப் பிரசுரம் கொடுக்கிற வேலை. அவர் தாளில் சுயதொழில் செய்பவர் என்று எழுதியிருந்தது. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே அனுமதி இல்லை, ஒரு மணி நேரம்கூட. அவருக்கு அது தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு கலைஞருக்குத் தொண்டை கட்டிவிட்டது, நிகழ்ச்சி ரத்து. வரிசை வாசல் வரை நிற்கிறது. கார்டில் வாங்கியவர்களுக்குக் கார்டிலேயே திருப்ப வேண்டும், ஆனால் மெஷின் இழுத்துக்கொண்டே இருந்ததால் மேலாளரே வந்து, கத்துகிறவர்களுக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பு என்றார். ஆறு டிக்கெட், ஒன்று 14 பவுண்டு. கொடுத்தேன். ராத்திரி எண்ணும்போது கல்லாவில் 84 பவுண்டு குறைவு. காரணத்தைத் தாளில் எழுதினேன், அவர் பார்த்துத் தலையாட்டினார். அந்த ஜன்னலில் நான்கு பேருக்கும் ஒரே கடவுச்சொல், யார் எதைச் செய்தார்கள் என்று கணினியில் தெரியாது.

கடைசிச் சம்பளச் சீட்டில் அந்த 84 பிடித்தம் ஆகியிருந்தது. பொதுமக்களிடம் விற்பனை செய்கிற வேலைகளில், கல்லாக் குறைவுக்காக ஒரு சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கிற கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் அந்த வரம்பு பொருந்தாது. எங்களுக்கோ நான்கு வாரத்துக்கும் சேர்த்து ஒரே சம்பளம்தான், முதலும் அதுவே கடைசியும் அதுவே. 80 மணி நேரத்துக்கு 915.20. அறைக்கு 660 போனது. கல்லாவுக்கு 84. மீதி 171.20.

மேலாளரிடம் ஃபோனில் கேட்டேன். 84 பவுண்டு பற்றிப் பேச ஆரம்பித்தவர், நான் முன்னால் வந்து பின்னால் போன நேரத்தைச் சொன்னதும் குரலை மாற்றாமலேயே, நீ மாணவர் விசாவில்தானே இருக்கிறாய், அந்த நேரத்தை எல்லாம் எழுத்தில் போட உனக்கு நிஜமாகவே விருப்பமா என்று கேட்டார். மிரட்டல் என்று சொல்ல முடியாத அளவுக்கு இனிமையாகக் கேட்டார். ஃபோனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பல்கலைக்கழக ஆலோசகரிடம் போனேன், அவர் சொல்லி ஏகாஸ் உதவி எண்ணுக்கு அடித்தேன். வேலைத் தகராறுகளில் இலவசமாக வழி சொல்லி, இரு பக்கமும் பேசிச் சமரசம் செய்து வைக்கிற பொது அமைப்பு அது. அப்போது எனக்குச் சொன்ன கெடு, பிடித்தம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதற்குள் ஏகாஸிடம் பதிவு செய்யாவிட்டால் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிற வழி அடைபட்டுவிடும் என்றார்கள். தீர்ப்பாயத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை, நான் அதற்கே பயந்துகொண்டிருந்தேன்.

அங்கேதான் அறைக் கணக்கு தெரிந்தது. முதலாளியே தங்குமிடம் கொடுத்தால், குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் அதற்காக ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கழிக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து அது நாளைக்கு 9.99 பவுண்டு, வாரத்துக்கு 69.93. என்னிடம் பிடித்தது 165. நான் வாங்கியதே குறைந்தபட்ச ஊதியம் என்பதால், அதற்கு மேல் பிடித்த ஒவ்வொரு பென்ஸும் சட்டம் சொன்ன ஊதியத்துக்குக் கீழே என்னைத் தள்ளியது. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது. வாரத்துக்கு 95.07, நான்கு வாரத்துக்கு 380.28. கட்டாயப் பயிற்சி இரண்டு நாளும் வேலை நேரம்தான், அந்த 10 மணி நேரத்துக்கு 114.40. அது விழா தொடங்குவதற்கு முந்தைய வாரம், நான் வேறு வேலை எதுவும் செய்யாத வாரம், அதனால் விசாவில் வம்பில்லை. அப்புறம் விடுமுறைச் சம்பளம். நான்கு வாரமே ஆனாலும் உண்டாம், செய்த நேரத்தில் 12.07 சதவீதம். எங்களிடம் யாரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அது 124 பவுண்டு சொச்சம்.

இந்த மூன்றையும் ஏகாஸ் வழியாகக் கேட்டதும் கம்பெனி அதிகம் பேசாமல் கொடுத்துவிட்டது, கிட்டத்தட்ட 619 பவுண்டு. 84 வரவில்லை, அந்தத் தாள் காணவில்லையாம். 286ஐ நான் கேட்கவே இல்லை. ஆலோசகர் பயமுறுத்தவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை, குடியேற்ற ஆலோசகரைப் பார்க்காமல் அந்த நேரத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் எழுதாதே என்று மட்டும் சொன்னார். பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை, படிப்பு முடிகிற நேரம் வேறு.

போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால், கல்லா எண்ணுகிற நேரம் அட்டவணையில் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம். உங்கள் பெயரில் தனிக் கடவுச்சொல் தராவிட்டால் கல்லாவைத் தொடாதீர்கள். ராத்திரி கையெழுத்துப் போடுகிற தாளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் எடுத்திருந்தால் 84 பவுண்டு கிடைத்திருக்கும். உங்கள் விசாவில் 20 மணி நேரம் என்றால் அட்டவணையில் 15 கேளுங்கள், மேலே வழிகிறது எப்படியும் வழியும். எழுத ஒரு சின்ன நோட்டு, வந்த நேரம் போன நேரம் மட்டும்.

2025இல் அதே விளம்பரம் மறுபடி வந்தது, வார்த்தைகள் பெரும்பாலும் அதேதான். மணிச் சம்பளம் 12.21, சட்டம் ஏற்றியதால் ஏறியது. அந்த வருஷம் அறைக்குச் சட்டப்படி வாரத்துக்கு 74.62. இந்த முறை விளம்பரத்திலேயே அறை வாடகை வாரத்துக்கு 185 என்று இருந்தது, அதற்குக் கீழே எங்கள் விழாக் குடும்பத்தில் சேருங்கள் என்று ஒரு வரி.