கேமராவுக்கு ஒற்றைத் தோள்பையா, முதுகுப்பையா?

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் படமெடுக்க எனக்கு ஒற்றைத் தோள்பையே கைகொடுக்கிறது. காங்கேயம் காளை தலையைத் திருப்புவதற்குள் பையை முன்பக்கம் இழுத்து லென்ஸை எடுத்துவிடலாம், நெரிசலில் பை கண்ணெதிரேயும் இருக்கும். ஆனால் எடை 3 கிலோவைத் தாண்டினால், முழுச் சுமையையும் ஒரே தோள் ஏற்பதால், உச்சிவெயில் வருவதற்குள் கழுத்து இழுக்கத் தொடங்கிவிடுகிறது.

வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறுவோருக்கு இடுப்புப்பட்டை உள்ள முதுகுப்பைதான் பொருந்தும். பலரும் தோள்வாரின் மெத்தையை அழுத்திப் பார்த்தே வாங்குகிறார்கள். சுமையைத் தாங்க வேண்டியதோ இடுப்பு. பட்டை வயிற்றில் நில்லாமல் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமர்ந்து இறுகும்போதுதான் தோளின் பாரம் குறைகிறது. 70–200 மி.மீ. போன்ற கனமான லென்ஸை முதுகை ஒட்டியே வைக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னோக்கி இழுக்கும். முதன்முறை நான் அப்படி வைத்துவிட்டு, நான்காம் மலையில் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். முதுகுப்பக்கம் திறக்கும் வகையானால், பையைத் தரையில் கிடத்தினாலும் வார்களில் மண் ஒட்டாது. வியர்வை எப்படியும் ஊறத்தான் செய்யும்.

ஒன்றைத்தான் வாங்க இயலும் என்றால், முதுகுப்பையை வாங்கிக்கொண்டு சந்தைக்கு ஒரே லென்ஸோடு போவேன்.