கம்ப்ரசர் லைனுக்கு பிவிசி போட்டேன், ஜிஐ போட்டேன், இப்போது காப்பர்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் 9 வருடமாக ஒரு 2 எச்.பி. ஏர் கம்ப்ரசர் ஓடுகிறது. அதற்கு இது மூன்றாவது பைப்.

முதலில் பிவிசி. மோட்டார் லைனுக்கு வாங்கியதில் மிச்சம் கிடந்தது, மேலே 10 கிலோ (சதுர செ.மீ.க்கு, தாங்கும் அழுத்தம்) என்று அச்சடித்திருந்தது, கம்ப்ரசர் 8 கிலோவில் கட்டாகிவிடும், அப்புறம் என்ன என்று சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டேன். அந்த 10 கிலோ குளிர்ந்த தண்ணீருக்கான கணக்கு. கம்ப்ரசர் காற்று சூடாக வரும், சூட்டில் பிவிசியின் பலம் இறங்கிவிடும். தண்ணீர் பைப் வெடித்தால் ஒரு பீச்சு, அதோடு அழுத்தம் போய்விடும். காற்று என்றால், அமுங்கிக் கிடந்தது அத்தனையும் விரிந்து பைப்பைச் சில்லு சில்லாக வீசும். பதினாலாவது மாதம், நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கம்ப்ரசர் பக்கத்து எல்போ போய்விட்டது. ஓடிவந்து பார்த்தால் எதிர்ச் சுவர் காலண்டர் அட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு சில்லு குத்தி நிற்கிறது, என் நெஞ்சு உயரத்தில்.

அடுத்து அரை இஞ்ச் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். பலத்தில் குறையே இல்லை. ஆனால் மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் துரு அங்கேதான் ஆரம்பித்து, காற்றோடு சேர்ந்து வரும். டயருக்குக் காற்றடிக்க, தூசி ஊத இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, பெயிண்ட் அடிப்பவனுக்குத்தான் வலி. மூன்றாம் வருடம் வெள்ளை அடித்த பீரோ கதவு முழுக்க மிளகுத்தூள் தூவியது மாதிரி பழுப்புப் புள்ளி.

இப்போது இருப்பது ஏசிக்குப் போடுகிற 5/8 இஞ்ச் காப்பர். வீட்டில் ஏசி மாட்ட வந்தவரிடம் தாங்குமா என்று கேட்டேன். "இதுல ஓடுற கேஸே 400 பிஎஸ்ஐ, உங்க காத்து எம்மாத்திரம்ங்க?" என்று சிரித்துவிட்டு (400 பிஎஸ்ஐ என்றால் சுமார் 28 கிலோ) அவரே பிரேசிங், அதாவது உலோகக் கம்பியை உருக்கி இணைப்பது, செய்து கொடுத்தார். விலை ஜிஐயை விட ரொம்பவே அதிகம்தான், இருபதடி போதும் என்பதால் மனசு வந்தது. நாலு வருடமாகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறேன், பிரேசிங் செய்த இடத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை, ஒழுகியதெல்லாம் பித்தளை ஃபிட்டிங்கில்தான். கம்ப்ரசருக்கும் காப்பருக்கும் நடுவில் மட்டும் ரப்பர் ஹோஸ் போட்டுவிடுங்கள், அதிர்வில் காப்பர் விரிசல் விடும்.

காப்பர் போட்டதால், காற்றின் ஈரம் குளிர்ந்து பைப்பில் தண்ணீர் சேராது என்றில்லை. இருபதடிக்கு இரண்டரை இஞ்ச் வாட்டம் கொடுத்து, கிளைகளை மெயினின் மேல் பக்கமாக எடுத்து வளைத்து இறக்கி, கடைக்கோடியில் ஒரு டிரெயின் வால்வு வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் அதைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர் வருகிறது, துரு நிறம் இல்லாமல்.